பூட்டிக் கிடக்கும் வீடும் பக்கத்து வீட்டுக்காரரும்



ஜப்பானில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும், அவற்றைப் பராமரிக்கச் சொல்லி அங்குள்ள நகராட்சிகள் போட்ட விதிகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். முதலில் ஒரு மரக்கிளையைப் பற்றிச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகிறேன்.

பக்கத்து மனையில் நிற்கும் மரத்தின் வேர் உங்கள் மனைக்குள் நீண்டால் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். கிளை நீண்டால் வெட்டக் கூடாது. மரத்துக்காரரிடம் சொல்லி அவரைத்தான் வெட்டச் செய்ய வேண்டும். அவர் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1896இல் இயற்றப்பட்ட ஜப்பானியக் குடியியல் சட்டம் இப்படித்தான் சொல்லி வந்தது. அடுத்த வீட்டில் ஆள் இருக்கிற வரை இதில் பெரிய சிரமம் இல்லை. கதவைத் தட்டிச் சொன்னால் போதும். தட்டினால் திறக்க ஆளே இல்லாத கதவுகள் தெருவுக்குத் தெரு பெருகிய பிறகுதான் சிக்கல் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் விதியை மாற்றினார்கள். மரத்துக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அல்லது சொல்லியும் போதிய காலத்துக்குள் வெட்டாவிட்டால், அல்லது அவசரம் என்றால், பக்கத்து வீட்டுக்காரரே கிளையை வெட்டலாம். நூறாண்டுக்கு மேல் அசையாமல் நின்ற ஒரு விதியை ஆளில்லாத வீடுகள் அசைத்துவிட்டன.

இப்படிப்பட்ட வீட்டை அங்கே 'அகியா' என்கிறார்கள். காலி வீடு என்று பொருள். ஜப்பானிய அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடுகளையும் மனைகளையும் கணக்கெடுக்கிறது. 1993இல் காலி வீடுகள் சுமார் 45 லட்சம். 2023 கணக்கில் 90 லட்சம். முப்பது ஆண்டில் இரண்டு மடங்கு. நாட்டில் உள்ள மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். வாகயாமா, தோகுஷிமா மாகாணங்களில் ஐந்து வீட்டுக்கு ஒன்று காலி.

இந்த 90 லட்சத்தைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். இதில் ஏறக்குறைய பாதி, வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் வீடு. அதற்கு ஒரு தரகர் இருக்கிறார், சாவி இருக்கிறது, அவ்வப்போது யாராவது வந்து பார்க்கிறார்கள். கவலைக்குரியது வேறொரு கணக்கு. வாடகைக்கும் இல்லை, விற்பனைக்கும் இல்லை, விடுமுறைக்கு வந்து தங்குவதற்கும் இல்லை, சும்மா பூட்டிக் கிடக்கிறது என்ற வகையில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. நகராட்சி விதிகள் எல்லாம் இந்த வீடுகளைச் சுற்றித்தான் எழுந்தன.

பூட்டிய வீடு எப்படிக் கெடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. ஜப்பானிய வீடு பெரும்பாலும் மரவீடு. கூரையில் ஓர் ஓடு நகர்கிறது. ஆள் குடியிருந்தால் முதல் மழையிலேயே ஒழுகலைப் பார்த்து, ஏணியைப் போட்டு ஓட்டைத் தள்ளி வைத்துவிடுவார். ஆளில்லை. மழைநீர் கூரையின் மரச்சட்டத்தில் இறங்குகிறது. ஈரம் கண்ட மரத்தைக் கறையான் தேடி வருகிறது. சன்னல் திறக்காததால் உள்ளே புழுக்கம், பூஞ்சை, தரையில் விரித்த தத்தாமி பாய் அழுகல். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் வற்றினால் அந்த வழியாகவே நாற்றமும் பூச்சியும் வீட்டுக்குள் ஏறும். வடக்கே பனி கொட்டும் மாகாணங்களில் கூரைமேல் சேரும் பனியைக் குளிர்காலம் முழுக்க வழித்துத் தள்ள வேண்டும். தள்ள ஆளில்லாத வீடு அந்தப் பாரத்தில் ஒரு நாள் இரவு உட்கார்ந்துவிடும். ஓடு நகர்ந்த அன்று அது ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி. உத்தரம் உளுத்த பிறகு அது லட்சக்கணக்கான யென். அந்த இடைவெளியில் விதி எங்கே குறுக்கிட வேண்டும்? முதல் ஓட்டிலேயே குறுக்கிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஜப்பான் இதைக் கண்டுகொள்ளப் பதின்மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டது.

சரி, சொந்தக்காரர் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்? சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. இந்த வீடுகளில் பாதிக்கு மேல் வாரிசுரிமையாக வந்தவை என்று 2019இல் அரசு எடுத்த ஆய்வு சொல்கிறது. அம்மா ஊரில் தனியாக இருந்தார், முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார், காலமானார். மகன் ஒசாகாவில், மகள் தோக்கியோவில். வீட்டுக்குள் குடும்பத்தின் பூசை மாடம் இருக்கிறது, பாத்திரம் பண்டம் இருக்கிறது, அம்மாவின் உடைகள் இருக்கின்றன. ஏன் காலியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அதே ஆய்வில் பெரும்பான்மையோர் சொன்ன பதில், சாமான் வைக்க இடம் வேண்டும் என்பது. அந்தப் பதிலில் பாதி துக்கம் என்று நான் படித்துக்கொள்கிறேன். இடிக்கச் செலவழிக்க விருப்பமில்லை என்றவர்களும் பாதிக்குச் சற்றே குறைவு. சாதாரண மரவீட்டை இடித்து, மரத்தையும் ஓட்டையும் பிரித்து அப்புறப்படுத்தப் பத்து லட்சம் யென்னுக்கு மேல் ஆகும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது வரி.

ஜப்பானில் மனைக்கும் கட்டடத்துக்கும் நகராட்சி ஆண்டுதோறும் சொத்து வரி விதிக்கிறது. பொதுவான விகிதம் மதிப்பில் 1.4 சதவீதம். நில விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், குடியிருப்பவர்கள் நசுங்கிவிடக் கூடாது என்று 1973இல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். மனையில் வீடு நின்றால் மனையின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடுவார்கள். பின்னாளில் அந்தச் சலுகை வளர்ந்து, 200 சதுர மீட்டர் வரையிலான மனைக்கு மதிப்பு ஆறில் ஒரு பங்காகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் 'வீடு நின்றால்' என்று எழுதியவர்கள் 'ஆள் இருந்தால்' என்று எழுதவில்லை. உளுத்துச் சாய்ந்த வீடும் வீடுதான். அதை இடித்துவிட்டால் மனை வெற்று மனையாகி, சலுகை போய், வரி மூன்று நான்கு மடங்காகிவிடும். ஆறு மடங்கு என்று பலர் சொல்வார்கள். வெற்று மனைக்கும் வேறொரு தணிப்புக் கணக்கு இருப்பதால் நடப்பில் அவ்வளவு ஏறாது. எப்படியானாலும், இடிக்கப் பத்து லட்சம் செலவழித்து அதற்குப் பரிசாக ஆண்டுதோறும் கூடுதல் வரியும் கட்டு என்றால் எவர் இடிப்பார்? குடியிருப்போரைக் காக்க வந்த சலுகை, ஆளில்லாத வீட்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. நகராட்சி வரிவிதிப்பைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஒரு பாடத்தை மனத்தில் வைக்க வேண்டும் என்பேன்.

மத்திய அரசு இதைக் கவனிப்பதற்கு முன் நகராட்சிகள்தான் விழித்துக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் புகாரோடு முதலில் வந்து நிற்பது நகராட்சி வாசலில்தானே. தோக்கியோவுக்கு அருகே சைதாமா மாகாணத்தில் தோகோரோசாவா என்ற நகரம். தலைநகருக்கு வேலைக்குப் போய்வருவோர் வாழும் ஊர். அதன் மன்றம் 2010இல் காலி வீடுகளை ஒழுங்காக வைத்திருப்பதற்கென்றே ஒரு துணைவிதி இயற்றியது. முதலில் யோசனை சொல்வது, பிறகு பரிந்துரை, பிறகு உத்தரவு, உத்தரவையும் மதிக்காவிட்டால் சொந்தக்காரரின் பெயரை ஊரறிய வெளியிடுவது. பெயர் வெளியாவதுதான் தண்டனை. மற்ற ஊர்கள் இதைப் பார்த்து வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2014 அக்டோபருக்குள் சுமார் 400 உள்ளாட்சிகளில் இப்படிப்பட்ட துணைவிதி வந்துவிட்டது. பனி அதிகமான அகிதா மாகாணத்தின் தாய்சென் நகரம் 2012 மார்ச்சில் தன் துணைவிதியின்படி, சொந்தக்காரர் செய்யாத இடிப்பு வேலையைத் தானே செய்தது.

ஆனால் துணைவிதிக்கு ஓர் எல்லை உண்டு. அதை விளக்க நகராட்சி அலுவலகத்தின் உள்ளே வர வேண்டும். ஒரு தளத்தில் வரிப் பிரிவு. பூட்டிய வீட்டின் வரியை யார் கட்டுகிறார், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அங்கே இருக்கிறது. இன்னொரு தளத்தில் வீட்டுவசதிப் பிரிவு. அவர்களிடம் புகார் இருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. மாடி இறங்கிப் போய்க் கேட்டால் கிடைக்குமா? கிடைக்காது. வரிக்காகத் திரட்டிய தகவலை வேறு எதற்கும் தரக் கூடாது என்று உள்ளாட்சி வரிச் சட்டம் ரகசியக் காப்புக் கடமை விதித்திருந்தது. ஒரே கட்டடத்துக்குள் விடையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால் மட்டுமே இந்தப் பூட்டைத் திறக்க முடியும்.

அந்தச் சட்டம் 2014 நவம்பரில் நிறைவேறி, 2015 மே 26 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. காலி வீடுகள் தொடர்பான சிறப்பு நடவடிக்கைச் சட்டம். என் பார்வையில் இதன் மிகப் பெரிய சாதனை, இடிக்கும் அதிகாரம் அல்ல. வரிப் பதிவேட்டை வீட்டுவசதிப் பிரிவு பார்க்கலாம் என்று சொன்ன அந்த ஒரு பிரிவு. சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் எந்தப் பராமரிப்பு விதியும் காகிதமே.

சட்டம் செயல்படும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ ஓராண்டு முழுக்கப் புழக்கம் இல்லாத கட்டடம் காலி வீடு. மின்சாரம், தண்ணீர், எரிவாயு ஓடியிருக்கிறதா என்பது ஓர் அடையாளம். அவற்றில் நான்கு வகையானவற்றை நகராட்சி தனியாகக் குறிக்கும்: இடிந்து விழும் ஆபத்து உள்ளது, சுகாதாரக் கேடு, ஊரின் தோற்றத்தைக் கடுமையாகக் கெடுப்பது, சுற்றுப்புற வாழ்க்கைக்கு வேறு வகையில் பொருந்தாதது. இவை 'குறிப்பிட்ட காலி வீடு'. விழும் ஆபத்தை எப்படி அளப்பது? 2015இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல், இரண்டு மாடி வரையிலான கட்டடம் இருபதில் ஒரு பங்குக்கு மேல் சாய்ந்திருப்பதை ஓர் அளவாகச் சொன்னது. இருபது அடி உயரத்துக்கு ஓரடி. தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கத் தெரிந்த எந்தக் கொத்தனாரும் அளந்துவிடலாம். ஊழியர் உள்ளே போய்ப் பார்க்க, ஐந்து நாளுக்கு முன் சொந்தக்காரருக்குத் தகவல் தர வேண்டும். நுழைய விடாமல் தடுத்தால் 2 லட்சம் யென் வரை அபராதம்.

பிறகு படிகள். யோசனையும் வழிகாட்டலும் முதற்படி. கேட்காவிட்டால் பரிந்துரை. இந்தச் சொல் மென்மையாக ஒலிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பரிந்துரை வந்த வீட்டின் மனைக்கு, அந்த ஆறில் ஒரு பங்குச் சலுகை அடுத்த வரியாண்டிலிருந்து போய்விடும். 1973இல் தொடங்கிய முட்டு இங்கேதான் எடுக்கப்பட்டது. அதற்கு மேல் உத்தரவு. மீறினால் 5 லட்சம் யென் வரை அபராதம். கடைசியில் நகராட்சியே வேலையைச் செய்து செலவை வசூலிக்கும். சொந்தக்காரர் யாரென்றே தெரியாத வீட்டுக்கு, உத்தரவுப் படியைத் தாண்டி நேராக இடிக்கும் சுருக்க வழியும் உண்டு.

அந்தச் சுருக்க வழியைச் சட்டப்படி முதலில் பயன்படுத்திய ஊர்களில் ஒன்று யோகோசுகா. கடற்படைத் துறைமுகம். மலைச்சரிவுகளில் நெருக்கமாக வீடுகள். பல இடங்களில் கார் ஏறாது, படிக்கட்டுதான். வயதானவர்கள் படியேற முடியாமல் இறங்கிவிட, மேலே வீடுகள் தனித்து நின்றன. 2015 அக்டோபரில், உரிமையாளரைக் கண்டறிய முடியாத ஒரு வீட்டை நகரம் இடித்தது. பணம் நகரத்தினுடையது. யாரிடம் போய் வசூலிப்பது? அந்த ஊர் மக்கள் எல்லாரும் சேர்ந்து, யாரோ ஒருவர் செய்யாத பராமரிப்புக்கு விலை கொடுத்தார்கள்.

இங்கேதான் முதல் சட்டத்தின் குறை தெரிந்தது. வீடு சாய்ந்த பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது. ஓடு நகர்ந்தபோது யோசனை சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சலுகை போகும் என்ற பயம், வீடு 'குறிப்பிட்ட' நிலைக்குச் சீரழிந்த பிறகே வந்தது. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால்தான் மருத்துவர் பார்ப்பார் என்பது போன்ற ஏற்பாடு. பல நகராட்சிகளுக்கு இடிக்கப் பணமும் இல்லை, பொறியாளரும் இல்லை. உறவினர்கள் சண்டையில் நுழையத் தயக்கம் வேறு.

எனவே 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். டிசம்பர் 13 முதல் அமல். 'பராமரிப்பு குறைந்த காலி வீடு' என்று புதிதாக ஒரு வகை வந்தது. இப்படியே விட்டால் நாளை ஆபத்தாகும் என்ற நிலையில் உள்ள வீடு. சன்னல் உடைந்திருக்கிறது, கூரையின் ஒரு மூலை நைந்திருக்கிறது, தோட்டம் காடாகிவிட்டது என்ற கட்டத்திலேயே நகராட்சி வழிகாட்டலாம், பரிந்துரை விடுக்கலாம், பரிந்துரை வந்தால் வரிச் சலுகை போகும். பதின்மூன்று ஆண்டு என்று நான் முன்பு சொன்னது இதைத்தான்: தோகோரோசாவாவின் 2010இலிருந்து இந்த 2023 வரை. அதே திருத்தத்தில், அவசர ஆபத்து என்றால் உத்தரவு இல்லாமலே நகராட்சி வேலையைத் தொடங்கலாம் என்றும், ஆளில்லாத சொத்துக்கு ஒரு நிர்வாகியை நியமிக்கும்படி மேயரே நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றும் சேர்த்தார்கள். உள்ளூர் அமைப்புகளை மேயர் அங்கீகரித்து, சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையை அவற்றிடம் தரவும் வழி வந்தது. ஒசாகாவில் இருக்கும் அந்த மகனுக்கு நோட்டீஸைவிட, சாமானை எப்படி எடுப்பது, யாரிடம் விற்பது என்று பொறுமையாகச் சொல்லும் ஓர் ஆள்தான் தேவை. இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. ஊரின் தோற்றத்தைக் கெடுப்பது என்ற காரணத்தை விழும் ஆபத்தோடு ஒரே வரிசையில் வைத்தது சரியல்ல என்று நினைக்கிறேன். சாய்வை அளக்கலாம், தோற்றத்தை எதைக்கொண்டு அளப்பது? பணமில்லாத ஒரு மூதாட்டியின் பழைய வீடு, புது வீடுகள் வந்த தெருவில் அசிங்கமாகத் தெரியலாம். இடிப்புச் செலவில் ஒரு பகுதியை மானியமாகத் தரும் நகராட்சிகள் பல இருப்பதால்தான் இந்த விதி ஏழைகள்மேல் முழு பாரமாக விழாமல் இருக்கிறது. மானியம் இல்லாத ஊரில் இதே விதியை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி வேருக்கு வருவோம். சொந்தக்காரர் ஏன் தொலைந்துபோனார்? தாத்தா பெயரில் இருந்த நிலத்தை அப்பா தன் பெயருக்கு மாற்றவில்லை. மாற்றாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை, மாற்றப் போனால் கட்டணம் உண்டு. அப்பாவும் போனார். இப்போது வாரிசுகள் இருபது பேர், அவர்களில் பலருக்கு அப்படியொரு வீடு இருப்பதே தெரியாது. இப்படி உரிமையாளர் தெரியாத நிலம் 41 லட்சம் ஹெக்டேர் இருக்கும் என்று 2017இல் ஓர் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. கியூஷு தீவைவிடப் பெரிய பரப்பு. 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவு கட்டாயம். சொத்து தனக்கு வந்தது என்று அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும், தவறினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். பழைய பாக்கிகளுக்கும் இது பொருந்தும். எனக்கு வேண்டாம், அரசே நிலத்தை எடுத்துக்கொள் என்று சொல்லவும் 2023 ஏப்ரலில் வழி திறந்தார்கள். ஆனால் மனையில் கட்டடம் நிற்கக் கூடாது. வீட்டை அகற்றிவிட்டு, கட்டணமும் செலுத்தித்தான் ஒப்படைக்க முடியும். அரசுகூட ஆளில்லாத வீட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

நம் பக்கம் ஒரு பார்வை. வரிச் சலுகை என்றதும் எனக்கு மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920 நினைவுக்கு வந்தது. ஓர் அரையாண்டில் தொடர்ந்து முப்பது நாளோ அதற்கு மேலோ வீடு காலியாக இருந்தால், அந்த நாட்களுக்கு ஏற்பக் கட்டட வரியில் பாதி வரை தள்ளுபடி கேட்கலாம் என்று அதில் இருந்தது. வாடகைக்கு ஆள் கிடைக்காத சிறு வீட்டுக்காரருக்கு அது நியாயமான உதவி. ஆனால் காலி என்பதற்குத் தள்ளுபடி கேட்டவரிடம், காலியாக இருக்கும் வீட்டின் கூரை எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருக்க வேண்டும். தள்ளுபடியும் பராமரிப்பும் ஒரே விண்ணப்பத்தில் இருப்பதே முறை. உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் பலருக்கு ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கூரையைப் பாருங்கள், பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். திரும்புவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஓடு நகர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.